பேங்க் மாத்தலாமா? கூடலூர் கடையிலிருந்து ஒரு கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விதான். கேள்வி கூடலூர்லேர்ந்து வந்திருக்கு. ஊட்டிக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணும் சந்திக்கிற ஊர். மைசூர்லேர்ந்து முதுமலை வழியா ஊட்டி போனவங்கள்ல பல பேர் அந்த ஊரைத் தாண்டிப் போயிருப்பீங்க.

கேள்வி அனுப்பின தோழி சொல்றதை அப்படியே வாசிக்கிறேன். "அப்பா மளிகைக் கடை வச்சிருக்கார். 20 வருஷத்துக்கு மேல ஒரே பேங்க்ல கரண்ட் அக்கவுண்ட். நான் கோயம்புத்தூர் வேலையை விட்டுட்டு வந்து, கடையோட சேர்த்து டீத்தூள், மிளகு, ஏலக்காய் எல்லாம் ஆன்லைன்ல விக்க ஆரம்பிச்சிருக்கேன். ஒரு தனியார் பேங்க்லேர்ந்து ஆள் வந்தாங்க. முதல் வருஷம் மினிமம் பேலன்ஸ் வேண்டாம், சவுண்ட் பாக்ஸ் ஃப்ரீ, ஆப் சூப்பரா இருக்கும்னு சொன்னாங்க. எங்க பேங்க் ஆப் பாதி நேரம் திறக்கவே மாட்டேங்குது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்னமோ சார்ஜ்னு பிடிக்கிறாங்க. அப்பா கிட்ட சொன்னா, 'பேங்கெல்லாம் மாத்த வேணாம்மா'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டார். நாங்க மாத்தலாமா?"

எந்த பேங்க்னு அவங்களும் சொல்லலை, நானும் கேக்கலை. பேர் தெரியாமலே இதுக்குப் பதில் சொல்ல முடியும். ஃப்ரீலான்ஸ் வேலை பாக்கிறவங்க, இன்ஸ்டாகிராம்ல கேக் விக்கிறவங்க, சின்னதா ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சவங்க எல்லாருக்கும் இதே கேள்வி ஒரு நாள் வரும்.

முதல்ல, கரண்ட் அக்கவுண்ட்னா என்ன?

நம்மள்ல நிறையப் பேர்கிட்ட இருக்கிறது சேவிங்ஸ் அக்கவுண்ட். அதுல வட்டி வரும். கரண்ட் அக்கவுண்ட் வியாபாரத்துக்கானது, வட்டி கிடையாது. ஏதோ ஒரு பேங்க் கஞ்சத்தனமா இருக்குன்னு நினைக்காதீங்க, ரிசர்வ் பேங்க் விதியே அப்படித்தான். வட்டி தராததுக்குப் பதிலா நாளைக்கு எத்தனை தடவை வேணும்னாலும் பணம் போடலாம், எடுக்கலாம். ஓவர் டிராஃப்ட் வாங்கலாம். கடைப் பேர்லயே செக் கொடுக்கலாம்.

இதுலேர்ந்து ஒரு விஷயம் புரியும். கரண்ட் அக்கவுண்ட்ல சும்மா கிடக்கிற ஒவ்வொரு ரூபாயும் நமக்கு நஷ்டம், பேங்குக்கு லாபம். அந்த ஆள் மலையேறி கடைக்கு வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். பேங்குக்கு இதைவிட மலிவான பணம் கிடையாது. அதனால பேரம் பேசக் கூச்சப்படாதீங்க. நீங்க அவங்களுக்கு வேண்டிய கஸ்டமர்.

கணக்குப் போட்டுப் பாப்போம்

"ஃப்ரீ"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பாக்கிறது கேஷ் டெபாசிட் சார்ஜைத்தான். கரண்ட் அக்கவுண்ட்ல மாசம் இவ்வளவு வரைக்கும் ரொக்கம் கட்டினா இலவசம், அதுக்கு மேல ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய்னு ஒரு வரி இருக்கும். விளம்பரத்துல இருக்காது. சார்ஜ் பட்டியல்ல, மூணாவது நாலாவது பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும்.

ஒரு உதாரணக் கணக்கு. நம்பர் எல்லாம் நான் வச்சது, உங்க பேங்க் பட்டியலை எடுத்து மாத்திப் போட்டுக்குங்க. கடைல ஒரு நாளைக்கு 15,000 ரூபாய் ரொக்கம் வருது. மாசம் 4.5 லட்சம்.

பழைய பேங்க்: 2 லட்சம் வரை இலவசம், மேல ஆயிரத்துக்கு 1 ரூபாய். மிச்ச 2.5 லட்சத்துக்கு 250 ரூபாய். அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 295. வருஷத்துக்கு 3,540. செக் புக், பராமரிப்புன்னு வருஷம் ஒரு 1,200, ஜிஎஸ்டியோட 1,416. மொத்தம் 4,956 ரூபாய்.

புது பேங்க்: பராமரிப்புக் கட்டணம் கிடையாது. ரொக்கம் 3 லட்சம் வரை இலவசம், மேல ஆயிரத்துக்கு 4 ரூபாய். மிச்ச 1.5 லட்சத்துக்கு 600 ரூபாய், ஜிஎஸ்டியோட 708. வருஷத்துக்கு 8,496 ரூபாய்.

பாத்தீங்களா, "ஃப்ரீ" அக்கவுண்ட்தான் விலை ஜாஸ்தி.

இப்ப அதே கடைல நிறையப் பேர் யூபிஐல கட்ட ஆரம்பிச்சு, ரொக்கம் மாசம் 1.8 லட்சமா குறைஞ்சிருச்சுன்னு வச்சுக்குங்க. ரெண்டு பேங்க்லயும் ரொக்கச் சார்ஜ் பூஜ்யம். யூபிஐல வாங்குற பணத்துக்கு 2020 ஜனவரிலேர்ந்து கடைக்காரர்கிட்ட எம்டிஆர் கட்டணம் வாங்கக் கூடாது. அப்ப பழைய பேங்க் 1,416, புது பேங்க் பூஜ்யம். புது பேங்க் ஜெயிச்ச மாதிரி இருக்குல்ல? கொஞ்சம் பொறுங்க. ரெண்டாவது வருஷத்துலேர்ந்து புது பேங்க் சராசரியா 25,000 ரூபாய் வைக்கச் சொல்லுது, பழைய பேங்க் 10,000தான் கேக்குது. கூடுதலா முடங்குற 15,000 ரூபாயை ஆறரை சதவீத எஃப்டில போட்டிருந்தா வருஷத்துக்கு 975 ரூபாய் வந்திருக்கும். அதைக் கழிச்சா மிச்சம் 441 ரூபாய். இவ்வளவு அலைச்சலுக்கு வருஷம் 441 ரூபாய்.

ஆக, எந்த பேங்க் மலிவுங்கிறதை முடிவு பண்றது உங்க கஸ்டமர் எப்படிக் காசு கொடுக்கிறாங்கங்கிறதுதான். ஊட்டி போற டூரிஸ்ட் போனை நீட்டுவாங்க. எஸ்டேட்ல வேலை பாக்கிறவங்க பலர் சம்பளத்தை எடுத்து ரொக்கமா கொண்டு வருவாங்க. உங்க கடைக்கு யார் அதிகம் வர்றாங்க? போன ஆறு மாச ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ரொக்கம் எவ்வளவு, யூபிஐ எவ்வளவுன்னு பிரிச்சுப் பாருங்க. ஒரு சாயங்காலம் போதும். சவுண்ட் பாக்ஸ் ஃப்ரீன்னா பெட்டி மட்டும் ஃப்ரீயா, மாச வாடகையும் இல்லையான்னு கேளுங்க.

நடுவுல ஒரு டிப்ஸ். மினிமம் பேலன்ஸ்ங்கிறது தினமும் அவ்வளவு இருக்கணும்னு அர்த்தம் இல்லை. பெரும்பாலும் மாச சராசரி, இல்லைன்னா மூணு மாச சராசரி. ஒவ்வொரு நாள் முடிவிலயும் இருக்கிற தொகையைக் கூட்டி, நாட்களால வகுப்பாங்க. 90 நாளைக்கு 25,000 சராசரின்னா, 4.5 லட்சம் ரூபாய் அஞ்சே நாள் கணக்குல இருந்தாக் கூட சராசரி வந்துடும். பெரிய பேமென்ட் வந்தா அன்னைக்கே சப்ளையருக்கு அனுப்பாம நாலஞ்சு நாள் விட்டு வச்சா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிடிக்கிற அந்த "என்னமோ சார்ஜ்" வராம இருக்கலாம். முதல்ல அது என்ன சார்ஜ்னு ஸ்டேட்மென்ட்ல பாருங்க. பாக்காம பேங்க் மாத்தினா, புது பேங்க்லயும் அதேதான் பிடிப்பாங்க.

சிம் மாதிரி பேங்க் ஏன் மாத்த முடியலை?

2011 ஜனவரி 20லேர்ந்து நாடு முழுக்க நம்பர் மாறாம சிம் கம்பெனி மாத்தலாம். பேங்குக்கு மட்டும் ஏன் அப்படி இல்லை?

பிரிட்டன்ல கிட்டத்தட்ட அப்படி ஒண்ணு இருக்கு. 2013 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க. புது பேங்க்ல போய் மாத்தணும்னு சொன்னா போதும், ஏழு வேலை நாள்ல பேலன்ஸ், மாசாமாசம் போற கட்டணம் எல்லாத்தையும் அவங்களே மாத்திடுவாங்க. தெரியாம பழைய கணக்குக்கு யாராவது பணம் அனுப்பினாலும் புதுசுக்கு வந்து சேந்துடும். அங்க கரண்ட் அக்கவுண்ட்னா சாதாரண ஜனங்க சம்பளம் வாங்குற கணக்குங்கிறது வேற விஷயம்.

இந்தியாலயும் இந்தப் பேச்சு வந்தது. 2017ல ரிசர்வ் பேங்க் துணை கவர்னரா இருந்த எஸ்.எஸ். முந்த்ரா, ஆதார், யூபிஐ எல்லாம் வந்த பிறகு கணக்கு எண்ணை மாத்தாம பேங்க் மாறுறது சாத்தியம்தான், பேங்குங்க அதை நோக்கிப் போகணும்னு சொன்னார். ஆனா இன்னைக்கு வரைக்கும் நம்ம ஊர்ல பேங்க் மாறணும்னா, பழைய நம்பர் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் நாமளே போய் மாத்தணும். ஐஎஃப்எஸ்சி கோடும் கணக்கு எண்ணும் அந்த பேங்கோட ஒட்டிக்கிட்டு இருக்கு.

எங்கெல்லாம்னு ஒரு பட்டியல் போடுங்க. ஜிஎஸ்டி போர்ட்டல். வருமான வரி ரீஃபண்ட் வர்ற கணக்கு. உத்யம் பதிவு. கடைல ஒட்டின கியூஆர் கோடு. கார்டு மெஷின். ஆன்லைன்ல விக்கிற தளங்கள்லேர்ந்து பணம் வர்ற கணக்கு. வண்டி இஎம்ஐ, எல்ஐசி பிரீமியம், கரண்ட் பில். பச்சைத் தேயிலை கொடுக்கிற குடும்பம்னா, ஃபேக்டரிலேர்ந்து மாசாமாசம் பணம் வர்ற கணக்கு. அப்புறம் முக்கியமானது, தேதி போட்டு முன்கூட்டியே கொடுத்து வச்ச செக். சப்ளையர்கிட்ட ரெண்டு, கடை ஓனர்கிட்ட மூணுன்னு இருக்கும். அப்பாவுக்குத்தான் தெரியும், அவர்கிட்ட உக்காந்து கேளுங்க.

செக் அதுல போட்ட தேதிலேர்ந்து மூணு மாசம் செல்லும். 2012 ஏப்ரலுக்கு முன்ன ஆறு மாசமா இருந்தது. அதனால கடைசியா கொடுத்த செக்ல இருக்கிற தேதிலேர்ந்து குறைஞ்சது மூணு மாசத்துக்குப் பழைய கணக்கை மூடவே கூடாது. கணக்கை மூடிட்டு, வெளிய இருக்கிற செக் திரும்பினா அது கோர்ட் வரைக்கும் போற விஷயம்.

நாம மாத்தாமலே மாறின பேங்க்

"20 வருஷமா ஒரே பேங்க்"ன்னு தோழி எழுதியிருந்தாங்க. தமிழ்நாட்டுல அப்படி ஒரே பேங்க்ல இருந்த எத்தனையோ பேருக்கு, அவங்க கேக்காமலே பேங்க் மாறியிருக்கு. 2019 ஏப்ரல் 1ல விஜயா பேங்க் பேங்க் ஆஃப் பரோடாவோட சேர்ந்தது. 2020 ஏப்ரல் 1ல சிண்டிகேட் பேங்க் கனரா பேங்கோட, அலகாபாத் பேங்க் இந்தியன் பேங்கோட, ஆந்திரா பேங்கும் கார்ப்பரேஷன் பேங்கும் யூனியன் பேங்கோட. போர்டு மாறினது முதல் நாள். ஆனா சிண்டிகேட் பேங்கோட பழைய ஐஎஃப்எஸ்சி கோடு 2021 ஜூலை 1ல செல்லாமப் போனப்பதான் நிறையப் பேருக்கு மேல சொன்ன பட்டியல் ஞாபகம் வந்தது. மாறாம இருந்தாலும் இந்த வேலை ஒரு நாள் வரலாம். அதனால பட்டியல் எப்பவுமே கைல இருக்கட்டும்.

இன்னொரு சம்பவம் கொஞ்சம் பயமானது. லட்சுமி விலாஸ் பேங்க். 1926ல கரூர்ல ஆரம்பிச்சது, கொங்குப் பக்கம் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையா கணக்கு வச்சிருந்த பேங்க். 2020 நவம்பர் 17 சாயங்காலம் மத்திய அரசு அதுமேல தடை போட்டது. ஒருத்தர் 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாது. நவம்பர் 27ல டிபிஎஸ் பேங்க் இந்தியாவோட இணைச்சாங்க. டெபாசிட் போட்டவங்க பணம் ஒரு ரூபாய் கூடப் போகலை. ஷேர் வச்சிருந்தவங்களுக்குத்தான் எல்லாம் போச்சு.

பத்து நாள்ல முடிஞ்சிருச்சேன்னு தோணும். சேவிங்ஸ்ல பணம் வச்சவருக்கு அது பத்து நாள் கவலை. கரண்ட் அக்கவுண்ட் வச்ச கடைக்காரருக்கு வேற. கோயம்புத்தூர் மண்டிக்கு அனுப்ப வேண்டிய பணம், ஆளுங்க சம்பளம், கொடுத்து வச்ச செக் எல்லாம் அந்தப் பத்து நாளுக்குள்ளதான் வரும். அவர்கிட்ட வேற ஒரு பேங்க்ல சின்னதா இன்னொரு கணக்கு இருந்திருந்தா, கடை ஓடியிருக்கும்.

பேங்கே மூழ்கிடுச்சுன்னா, ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கு. 2020 பிப்ரவரி 4 வரைக்கும் அது 1 லட்சமாத்தான் இருந்தது. கரண்ட் அக்கவுண்ட்டும் அதுல அடங்கும். அசல், வட்டி எல்லாம் சேர்த்து, அந்த பேங்கோட எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்துதான் அந்த 5 லட்சம்.

கேரளா பக்கம் நடந்தது

ரெண்டாவது கணக்கு வேணும்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணம், கூடலூருக்குப் பக்கத்துலயே இருக்கு. 2023ல கேரளால நிறையச் சின்ன வியாபாரிகளோட கணக்கு திடீர்னு முடங்கிச்சு. பேக்கரி, ஓட்டல் மாதிரிக் கடைங்க. என்ன ஆச்சுன்னா, எங்கேயோ வட மாநிலத்துல ஒரு ஆன்லைன் மோசடி. அந்தப் பணம் நாலஞ்சு கை மாறி, கடைசில யாரோ ஒருத்தர் இவங்க கடைல யூபிஐல சாப்பாட்டுக்குக் கட்டியிருக்காங்க. போலீஸ் பணம் போன வழியைப் பிடிச்சு வந்து, அந்தக் கடைக் கணக்கை நிறுத்தச் சொல்லிட்டாங்க. சில நூறு ரூபாய்க்காக மொத்தக் கணக்கும் லாக்.

கேரள உயர் நீதிமன்றம் அதே வருஷம், சந்தேகப்படுற தொகையை மட்டும்தான் முடக்கணும், முழுக் கணக்கை இல்லைன்னு சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனா வழக்குப் போட்டு, உத்தரவு வாங்கி, அதைக் கிளைல கொடுக்கிற வரைக்கும் கடை எப்படி ஓடும்? டூரிஸ்ட் வர்ற ஊர்ல, முகம் தெரியாத ஆயிரம் பேர் கியூஆர்ல பணம் போடுறாங்க. அதனால கியூஆர் பணம் வர்ற கணக்கும், சப்ளையருக்கும் இஎம்ஐக்கும் பணம் போற கணக்கும் வேற வேறயா இருக்கிறது நல்லது.

பட்டா இல்லாத ஊர்ல

இப்ப நிஜமான விஷயத்துக்கு வர்றேன். அப்பா ஏன் அப்படி ஒரே வார்த்தைல முடிச்சார்? பழக்கம், பயம், அந்த பேங்க் மேல பாசம்னு நாம நினைச்சுக்கலாம். எனக்கு என்ன தோணுதுன்னா, அவர் வாழ்ற ஊரோட கதையையும் சேர்த்துப் பாக்கணும்.

கூடலூர்ல நிலப் பிரச்சினை ரொம்பப் பழசு. அங்க பெரும்பகுதி நிலம் நிலம்பூர் கோவிலகத்தோட ஜன்ம நிலமா இருந்தது. 1969ல தமிழ்நாடு அரசு ஜன்மம் ஒழிப்புச் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்துல 17வது பிரிவுன்னு ஒண்ணு. அதுல வர்ற நிலங்களோட விவகாரம் நீதிமன்றம், வனத்துறைன்னு பல பத்து வருஷமா இழுத்துக்கிட்டே போகுது. விளைவு, தலைமுறையா குடியிருந்து, விவசாயம் பண்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பட்டா இல்லை. மின் இணைப்பு வாங்குறதே பெரிய போராட்டமா இருந்த இடங்கள் உண்டு.

சென்னைலயோ மதுரைலயோ ஒருத்தர் கடையைப் பெருசு பண்ணணும்னா, வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு போய் பேங்க் மேஜைல வைப்பார். பட்டா இல்லாதவர் எதை வைப்பார்? வீட்ல இருக்கிற நகையை வைப்பார். நகையும் தீர்ந்தா, அவர்கிட்ட இருக்கிறது 20 வருஷ ஸ்டேட்மென்ட். மாசம் தவறாம பணம் வந்திருக்கு, போயிருக்கு, ஒரு செக் கூடத் திரும்பலைன்னு சொல்ற அந்தத் தாள்தான் அவருக்குப் பத்திரம். இந்தக் குடும்பத்தோட நிலம் எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஊர்க் கடைக்காரர் ஒருத்தர் பேங்கை மாத்தத் தயங்கினா, அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கலாம்.

அந்த ஸ்டேட்மென்ட்டுக்கு நிஜமாவே மதிப்பு இருக்கு. சிறு, குறு தொழில் கடன் ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் பேங்க் சொத்து அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் ரொம்ப வருஷம் முன்னாடியே விதி போட்டிருக்கு. 2015ல வந்த முத்ரா கடனும் அடமானம் இல்லாததுதான். அடமானம் கேக்கலைன்னா பேங்க் எதைப் பாக்கும்? ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருமான வரி ரிட்டர்ன், கிரெடிட் ஸ்கோர். இதுல முதல் பேப்பரே கரண்ட் அக்கவுண்ட்தான்.

அப்ப மாத்தினா 20 வருஷம் போயிடுமா? இங்கதான் அப்பா சொல்றது பாதி சரி, பாதி பழசு. கடனை ஒழுங்கா கட்டின வரலாறு பேங்கோட பூட்டி வச்ச ரகசியம் இல்லை. அது கிரெடிட் பீரோல இருக்கு, எந்த பேங்க்கும் பாக்கலாம். ஸ்டேட்மென்ட்டும் அப்படித்தான். 2021 செப்டம்பர்ல அக்கவுண்ட் அக்ரிகேட்டர்னு ஒரு முறை வந்திருக்கு. அதுல சேர்ந்திருக்கிற பேங்குகள்ல, நீங்க சம்மதம் கொடுத்தா பழைய பேங்க் விவரம் புது பேங்குக்கு டிஜிட்டலாப் போகும். "மேனேஜர் நம்ம ஆளு"ங்கிறதும் முன்ன மாதிரி இல்லை. பொதுத்துறை பேங்க்ல மேனேஜரே சில வருஷத்துக்கு ஒரு தடவை மாறிடுவார்.

ஆனா மீதிப் பாதில அப்பா சரி. கிளை எங்க இருக்குங்கிறது கூடலூர்ல சின்ன விஷயம் இல்லை. ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர், மலைப்பாதை. ஜூன், ஜூலை மழைல மண் சரிஞ்சா ரோடே மூடிடும். கையெழுத்து மாறிடுச்சு, கணக்கு முடங்கிச்சுன்னா பெரும்பாலும் ஆப்ல ஒண்ணும் பண்ண முடியாது, கிளைக்குத்தான் போகணும். புது பேங்க் கிளை கூடலூர் டவுன்லயே இருக்கா, இல்லை ஊட்டிலயா? கடைக்கு வந்த ஆள் ஆறு மாசம் கழிச்சு வேற பேங்குக்குப் போயிட்டா, யார் போனை எடுப்பாங்க? இதைக் கேக்காம கையெழுத்துப் போடாதீங்க.

அப்புறம், பழைய பேங்க்ல ஓவர் டிராஃப்டோ கேஷ் கிரெடிட்டோ இருந்தா, முதல்ல அந்த ஒப்பந்தத்தைப் படிங்க. வரவு செலவெல்லாம் எங்க வழியாத்தான் போகணும்னு ஒரு வரி இருக்கலாம். கடன் ஒரு பேங்க்ல வாங்கிட்டு கரண்ட் அக்கவுண்ட் வேற பேங்க்ல வைக்கிறதுக்கு ரிசர்வ் பேங்க் 2020 ஆகஸ்ட்ல கட்டுப்பாடு போட்டது. 2021 அக்டோபர்ல தளர்த்தி, 5 கோடிக்குக் கீழ கடன் இருக்கிற சின்ன வியாபாரிகளை விட்டுட்டாங்க. ஆனா கடன் விவரத்தை எழுதிக் கொடுக்கச் சொல்வாங்க, மறைக்காதீங்க.

அப்ப என்ன பண்ணலாம்?

தோழிக்கு என் பதில்: மாத்தாதீங்க, சேர்த்துக்குங்க. அப்பா கடைக் கணக்கு அங்கேயே இருக்கட்டும். உங்க ஆன்லைன் வியாபாரத்துக்குப் புது பேங்க்ல தனிக் கணக்கு திறங்க. ஆன்லைன் ஆர்டர்ல ரொக்கமே கிடையாது, அதனால அந்த கேஷ் டெபாசிட் சார்ஜ் உங்களைத் தொடாது. நல்ல ஆப் உங்களுக்குத்தான் தேவை, அப்பாவுக்கு இல்லை. கியூஆரையும் அந்தப் பக்கம் கொண்டு போகலாம். ஒண்ணு முடங்கினா இன்னொண்ணு ஓடும். ரெண்டையும் ஆறு மாசம் ஓட்டிப் பாருங்க, அப்புறம் முடிவெடுங்க.

இதுல ஒரு குறையும் இருக்கு. வரவு ரெண்டாப் பிரிஞ்சா ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டும் மெலிஞ்சு தெரியும். கடன் கேக்கும்போது ரெண்டையும் ஜிஎஸ்டி ரிட்டர்னோட சேர்த்துக் கொடுங்க. அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள பெரிய கடன் வாங்குற எண்ணம் இருந்தா, கடை வரவைப் பிரிக்கவே வேண்டாம். கடன் கைக்கு வந்த பிறகு யோசிங்க.

கணக்கு திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் பழைய கிளைக்குப் போயிட்டு வாங்க. ஒரே பேங்க்லயே கரண்ட் அக்கவுண்ட்ல நாலஞ்சு வகை வச்சிருப்பாங்க. 20 வருஷம் முன்னாடி திறந்த வகைலயே நீங்க இன்னும் இருக்கலாம். "இதை விடத் தோதான வகைக்கு மாத்துங்க, இந்தச் சார்ஜ் எதுக்குன்னு சொல்லுங்க"ன்னு எழுதிக் கொடுங்க. கணக்கு எண் மாறாம கட்டணம் மட்டும் குறையலாம். தப்பாப் பிடிச்ச சார்ஜுக்கு 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே புகார் கொடுக்கலாம், காசு கிடையாது. விவரம் கேக்க 14448க்குக் கூப்பிடலாம்.

ஆறு மாசம் கழிச்சும் பழசு வேண்டாம்னு முடிவு பண்ணினா, வரிசை இதுதான். முதல்ல பணம் வர்ற இடங்களை மாத்துங்க. அடுத்து இஎம்ஐ, பிரீமியம் மாதிரி பணம் போற இடங்களை. கடைசி செக் தேதிலேர்ந்து மூணு மாசம் காத்திருங்க. மூடுறதுக்கு முன்னாடி எல்லா ஸ்டேட்மென்ட்டையும் டவுன்லோட் பண்ணிடுங்க, மூடின பிறகு நெட் பேங்கிங் வேலை செய்யாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு வழக்கை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதிலேர்ந்து 72 மாசம் வச்சிருக்கணும். மிச்ச செக் தாளைத் திருப்பிக் கொடுத்து, கணக்கு மூடியாச்சுன்னு எழுத்துல வாங்குங்க. மூடாமச் சும்மா விட்டுடாதீங்க. ரெண்டு வருஷம் எந்த வரவு செலவும் இல்லைன்னா கணக்கு செயலற்றதாயிடும், திரும்ப உயிர் கொடுக்க மறுபடியும் கேஒய்சி அலைச்சல்.

நகரத்துல இருக்கிற நமக்கு பேங்க்னா ஒரு ஆப். பிடிக்கலைன்னா அன்இன்ஸ்டால் பண்ணிட்டு அடுத்தது. வீட்ல பெரியவங்க "வேணாம்"னு சொன்னா, அந்த 'வேணாம்'க்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சில சமயம் அதுல சார்ஜ் பட்டியல்ல இல்லாத ஒரு கணக்கு இருக்கும்.

உங்க பேங்க் சார்ஜ் பட்டியல்ல புரியாத வரி எதாவது இருந்தா அனுப்புங்க, பேரையும் கணக்கு எண்ணையும் மறைச்சிட்டு. வர்ற வாரம் அதுல சிலதைப் பிரிச்சுப் பேசலாம். அதுவரைக்கும் ஸ்டேட்மென்ட்டைப் படிங்க மக்களே.